வராத நாளே இல்லாத வகுப்பு

பேசாலை
08.10.2006

அன்புள்ள மச்சாளுக்கு,

பிரான்சிஸ்கா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் இந்தக் காலத்தில் நீங்கள் நம்பமாட்டீர்கள். அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். நீங்களும் எமில்டாவும் எப்படி? பிள்ளையின் இருமல் நின்றுவிட்டதா?

பேசாலையிலிருந்து உயிலங்குளம் என்ன தூரம்? ஆனாலும் சோதனைச்சாவடியில் இறங்கி ஏறி, பாஸ் காட்டி வருவதற்குள் ஒரு நாள் போய்விடுகிறது. ரெலிபோனும் இல்லை. அதனால் உப்புக்குளத்து வஸீர் பாண் ஏற்றி விற்கிற வானில் இதை அனுப்புகிறேன். கூட இருக்கும் கறுப்புச் சதுரம்தான் பிளொப்பி. சாவடியில் பிரித்துப் பார்த்தால் பார்க்கட்டும். உள்ளே கேள்வித்தாள்கள்தான்.

நான் இப்போது மன்னாரில் கணினித் திட்டக் கந்தோரில் வேலை. ஆறு பள்ளிக்கூடங்களுக்கு ஒரே கோப்பு. ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்பின் வரவு, புள்ளி, தயாரித்த கேள்வித்தாள் எல்லாவற்றையும் தன் பள்ளிக்கூடக் கணினியில் பதிந்து பிளொப்பியில் தருவார். இரண்டு வெள்ளிக்கு ஒருமுறை நான் எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஆறு இடத்துக்கும் திருப்பி அனுப்புவேன். ஒருவர் செய்த வேலை மற்றவருக்கு உதவும். சொல்வதற்கு இவ்வளவுதான். செய்விப்பதற்குள் என் உயிர் போகிறது. எங்கள் பள்ளிக்கூடத்து யாகப்பர் மாஸ்டர் கணினியைத் தான் உடுத்த ஒரு பழைய சாரத்தால் மூடி வைத்திருக்கிறார். "தூசி படும் பிள்ளை" என்கிறார். பிறகு ஒருநாள் உட்கார்ந்தார். வரவுப் பக்கத்தில் 'பிள்ளை வராத காரணம்' என்று ஒரு நிரல் இருக்கிறது. அதை மட்டும் நிரப்பமாட்டேன் என்று எழுந்துவிட்டார்.

"ஏன் மாஸ்டர்?"

"பிள்ளை ஏன் வரேல்லையெண்டு எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

இப்படிப்பட்ட மனிதர்களோடு என்ன செய்வது?

உங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு மாதமாக ஒன்றும் வரவில்லை. மேலே கேட்கிறார்கள். என் சொந்த மச்சாளே அனுப்பாவிட்டால் மற்றவர்களிடம் நான் எந்த முகத்தோடு கேட்பேன்? தயவுசெய்து.

எமில்டாவுக்கு மாமியின் முத்தங்கள்.

பிரான்சிஸ்கா


உயிலங்குளம்
19.10.2006

அன்பான பிரான்சிஸ்காவுக்கு,

கடிதமும் பிளொப்பியும் வஸீர் கொண்டுவந்து தந்தார். மாமா மருந்து ஒழுங்காகக் குடிக்கிறாரா? எமில்டாவின் இருமல் குறைந்துவிட்டது. ஆனால் வளர்ந்துவிட்டாள். போன வருடச் சட்டை ஒன்றும் பிடிக்கவில்லை.

நீங்கள் கேட்பது நியாயம்தான். இங்கே கணினி இருக்கும் அறையில் விதைநெல் மூட்டையும் இருக்கிறது. எலிகளுக்குக் கொண்டாட்டம். ஜெனரேற்றரை ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் போடலாம், டீசல் கிடைத்தால். நான் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக் குத்துகிறேன். எமில்டா பக்கத்தில் நின்று சிரிக்கிறாள். "அம்மா, கோழி பொறுக்கிற மாதிரி இருக்கு" என்கிறாள். அவளுக்கு இது விளையாட்டு. உங்கள் பிளொப்பியை ஒரு பின்னேரத்துக்குள் பழகிவிட்டாள்.

ஒன்று கேட்கவேண்டும். வரவு இடாப்பில் எழுதினால் அது என் மேசை லாச்சிக்குள் இருக்கும். இதில் எழுதினால் ஆறு பள்ளிக்கூடம் பார்க்கும், கந்தோர் பார்க்கும், கந்தோருக்கு வருகிறவர்களும் பார்ப்பார்கள். கேள்வித்தாள் சரி. வரவு எதற்கு?

குறையாக எடுக்கவேண்டாம். தெரியாமல்தான் கேட்கிறேன். கேள்வித்தாள் இரண்டு அனுப்பியிருக்கிறேன்.

வசந்தமலர்


பேசாலை
12.11.2006

அன்புள்ள மச்சாளுக்கு,

மழைக்கு நடுவில் எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி. மற்றப்படி பரவாயில்லை. நீங்கள் இருவரும் குளிருக்குள் கவனமாக இருங்கள்.

உங்கள் கணிதக் கேள்வித்தாள் என்ன செய்தது தெரியுமா? யாகப்பர் மாஸ்டர் அதைத் தன் வகுப்புக்குக் கொடுத்திருக்கிறார்! குளத்தில் தண்ணீர் குறையும் கணக்கைப் பார்த்துவிட்டு, "இதை ஆர் போட்டது? நெல்லு விதைச்ச ஆள்தான் போட்டிருக்க வேணும்" என்றார். என் அண்ணன் பஸ்ரியனின் மனைவி என்று சொன்னேன். பிறகு, "அவ வந்து இந்தக் கோயில்ல கலியாணம் முடிச்சிருக்கலாம்" என்றார். அன்றைக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் உங்கள் கல்யாணத்துக்கு வராதது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது மச்சாள். வருகிறேன் என்று அழுதேன். விடவில்லை.

வரவு எதற்கு என்று கேட்டீர்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைகிறார்கள் என்று தெரிந்தால்தானே உதவி கேட்கலாம்? புத்தகம், மதியச் சாப்பாடு, சைக்கிள், எல்லாம் இந்த எண்ணைப் பார்த்துத்தான் வருகிறது. மறைத்து வைத்தால் ஒன்றும் வராது. பயப்படாமல் பதியுங்கள். எல்லாருக்கும் தனித்தனியாகக் குத்தத் தேவையில்லை. முதல் பெட்டியில் 'வரவு' என்று போட்டுவிட்டு, அதன் மூலையைப் பிடித்துக் கீழே இழுங்கள். முழு நிரலும் தானாக நிரம்பும். வராத பிள்ளைக்கு மட்டும் மாற்றினால் போதும். எமில்டா காட்டித் தருவாள்.

நத்தார் பாலன் பூசைக்கு இருவரும் இங்கே வாருங்கள். இந்த முறை நான் கேட்கவில்லை, அப்பா கேட்கச் சொன்னார். எமில்டாவுக்கு நீலத்தில் ஒரு சட்டைத்துணி எடுத்து வைத்திருக்கிறேன்.

பிரான்சிஸ்கா


உயிலங்குளம்
14.01.2007

அன்பான பிரான்சிஸ்காவுக்கு,

நத்தாருக்கு வரமுடியவில்லை. பாஸ் கிடைக்கவில்லை. மாமாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும்.

நான் நன்றாக இருக்கிறேன். எமில்டாவும் நன்றாக இருக்கிறாள். பதினோராம் வகுப்பு என்பதால் படிப்பு அதிகம். கடிதம் எழுத நேரமில்லை என்கிறாள்.

வகுப்பின் வரவு முழுவதையும் பதிந்து அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் பக்கம் கடல் எப்படி? நத்தாருக்குப் பிறகு காற்று அதிகமா? தொழிலுக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பிவிட்டார்களா? சும்மா கேட்டேன்.

வசந்தமலர்


பேசாலை
04.02.2007

என் அன்பு மச்சாளுக்கு,

முதலில் சந்தோஷமான செய்தி. பிறகு சுகம் கேட்கிறேன்.

ஆறு பள்ளிக்கூடத்திலும் ஒரு வகுப்புத்தான் முழுதாக வந்திருக்கிறது. உங்களுடையது. இருபத்திமூன்று பேரில் இருபத்திமூன்று பேர், ஒவ்வொரு நாளும்! மற்ற இடங்களில் பாதிப் பெட்டிகள் சிவப்பு. யாகப்பர் மாஸ்டரின் வகுப்பில் ஒன்பது பேர் இல்லை, காரண நிரல் இன்னும் வெள்ளையாகவே கிடக்கிறது.

திட்டத்துக்குப் பொறுப்பான சிங்கராசா ஐயா கொழும்பிலிருந்து வந்தார். உங்கள் பக்கத்தை அச்சடித்துச் சுவரில் ஒட்டச் சொன்னார். "இப்படியொரு இடத்தில ஒரு பிள்ளைகூட நிக்காமல் வருதெண்டா அந்த ரீச்சரைப் பாக்க வேணும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் என் மச்சாள் என்று சொன்னேன்.

அதோடு முடியவில்லை. மார்ச் 15ஆம் திகதி, உதவி தருகிற வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு உங்கள் வகுப்புக்கு வருகிறார். பாதுகாப்புக்குப் பெரிய அதிகாரிகளும் வருவார்கள். பெயர் கூப்பிட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புத்தகப்பை கொடுத்துப் படம் எடுப்பார்கள். எமில்டாவைக் கணினிக்கு முன்னால் உட்கார வையுங்கள். நீலச் சட்டையைத் தைத்து எடுத்துக்கொண்டு நானும் அவர்களோடு வருகிறேன்.

கடலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நெல்லு வயலுக்குள் இருந்துகொண்டு உங்களுக்கு ஏன் கடல்? டிசம்பர் 29இலிருந்து ஐந்து நாள் கடும் வாடைக்காற்று. எங்கள் ஆட்கள் ஒருவரும் இறங்கவில்லை. அண்ணன் கடலில் போனதும் அதே மாதத்தில்தானே, அதை நினைத்துக் கேட்டீர்களாக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரான்சிஸ்கா


பேசாலை
25.02.2007

அன்புள்ள மச்சாளுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை வஸீர் பிளொப்பியை மட்டும் தந்தார். கடிதம் ஏதும் இல்லையா என்று இரண்டு தரம் கேட்டேன். "ரீச்சர் மெலிஞ்சுபோய் இருக்கிறா, ஒண்டும் சொல்லேல்ல" என்றார். காய்ச்சலா? பதினெட்டு நாள்தான் இருக்கிறது. பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலைச் சிங்கராசா ஐயா கேட்கிறார். ஒரு வரியாவது எழுதுங்கள்.

பிரான்சிஸ்கா


உயிலங்குளம்
01.03.2007

பிரான்சிஸ்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். என் வகுப்பின் பக்கத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிடவும். சுவரில் இருப்பதையும் எடுக்கவும். பை வேண்டாம். படம் வேண்டாம். ஒருவரும் வரவேண்டாம்.

காரணம் கேட்கவேண்டாம்.

வசந்தமலர்


பேசாலை
06.03.2007

மச்சாளுக்கு,

உங்கள் நாலு வரி கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கந்தோரில் எல்லோருக்கும் முன்னால் முட்டாளாக நின்றேன்.

நான் என்ன பிழை செய்தேன்? உங்கள் பெயர் நாலு பேருக்குத் தெரியவேண்டும் என்று ஓடித்திரிந்தது பிழையா? எங்கள் வீட்டார் உங்களுக்குச் செய்தது எனக்குத் தெரியும். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஆட்கள் என்று பேசினதும் தெரியும். பதினெட்டு வருடம் அதை வைத்திருந்து, இப்போது நான் கையை நீட்டும்போது தட்டிவிடுகிறீர்கள். எமில்டாவையும் எனக்கு எழுதவிடாமல் வைத்திருக்கிறீர்கள். போன வருடம் மாதத்துக்கு இரண்டு கடிதம் எழுதின பிள்ளை. நத்தாருக்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை. அவள் என் அண்ணனின் பிள்ளையும்தான்.

சிங்கராசா ஐயாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சுகமாக இருங்கள்.

பிரான்சிஸ்கா


பேசாலை
11.03.2007

மச்சாள்,

போன கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். மனம் நிறைய மன்னிப்புக் கேட்கிறேன். இதை வஸீரிடம் கொடுக்கவில்லை. மருந்துப் பெட்டியோடு வரும் சிஸ்டர் அன்ரோனெற்றின் கையில் கொடுத்திருக்கிறேன். அவருடைய பையை ஒருவரும் திறப்பதில்லை. படித்தவுடன் அடுப்பில் போடுங்கள்.

வியாழக்கிழமை எல்லாப் பிளொப்பிகளையும் ஒன்றாக்கிக்கொண்டிருந்தேன். கோபத்தில்தான் உங்கள் பக்கத்தைத் திறந்தேன். பெப்ரவரி 20. விபூதிப் புதனுக்கு முதல் நாள். அன்று வீதியெல்லாம் மூடி, ஒரு பள்ளிக்கூடமும் நடக்கவில்லை. ஐந்து பள்ளிக்கூடத்தின் பெட்டிகளும் வெறுமை. உங்கள் பக்கத்தில் மட்டும் இருபத்திமூன்று பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். எமில்டாவும் வந்திருக்கிறாள். மூலையைப் பிடித்துக் கீழே இழுக்கக் கற்றுத் தந்தது நான்தானே.

அந்தக் கதிரையிலேயே இருந்துவிட்டேன். கடலைப் பற்றி நீங்கள் கேட்டது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பின்னேரம் சிங்கராசா ஐயாவிடம் போனேன்.

"ஐயா, அந்த வகுப்பின்ர வரவு உண்மையில்லை. நான் போட்டது."

"நீரா? ஏன்?"

"அவையின்ர கணினி தை மாதமே பழுதாப் போச்சு. ஒரு பள்ளிக்கூடம் அனுப்பேல்லையெண்டு சொன்னா என்ர வேலைக்குக் கரைச்சல் வருமெண்டு பயந்து நானே நிரப்பினனான். பழகிறதுக்கு வச்சிருந்த மாதிரிப் பக்கம் அது."

 நல்ல மனிதர் மச்சாள், அதுதான் கஷ்டமாக இருந்தது. "இதை நான் பெரிய ஆக்களுக்கு அனுப்பிப்போட்டன் பிள்ளை. என்னைப் பற்றி நினைச்சுப் பாத்தீரா?" என்றார்.  அங்கேயே தன் கையால் சுவரிலிருந்து அந்தத் தாளைக் கிழித்தார். 15ஆம் திகதிப் பயணம் இல்லை. மாத முடிவோடு எனக்கும் வேலை இல்லை.

கந்தோர்ப் பூட்டின் திறப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆறு பள்ளிக்கூடத்தின் காரண நிரலையும் அழித்துவிட்டேன். 'இந்தியாவுக்குப் போய்விட்டார்', 'மாமா வீட்டில் மறைந்திருக்கிறார்', 'தெரியாது' என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்! எல்லாம் நான் கெஞ்சி எழுத வைத்தவை. யாகப்பர் மாஸ்டர் மட்டும்தான் எழுதவில்லை.

உங்கள் கணினியை இன்றைக்கே பழுதாக்கிவிடுங்கள். ஒருவேளை பார்க்க ஆள் வரும்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள்.

பிரான்சிஸ்கா


உயிலங்குளம்
28.03.2007

என் பிரான்சிஸ்காவுக்கு,

உன் கடிதத்தைச் சிஸ்டருக்கு முன்னாலேயே படித்தேன். அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். உன் வேலை போய்விட்டதே, மாமாவின் மருந்துக்கு என்ன செய்கிறாய்?

கணினியைப் பார்க்க ஒருவர் வந்தார். நான் வயரைக் கத்தியால் சுரண்டிப் பிய்த்து, எலி கடித்ததுபோல் வைத்திருந்தேன். "எலிதான்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது சொல்கிறேன். நத்தாருக்கு முதல் வாரம் அங்காலை இயக்கத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். "ரீச்சர், வீட்டுக்கு ஒராள் வேணும். உங்களுக்கு ஒரு பிள்ளைதான், தெரியும். பொங்கலுக்குப் பிறகு வருவம். யோசிச்சு வையுங்கோ" என்றார்கள். எமில்டா உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றாள். உன்னிடம் அனுப்பலாம் என்றால் அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பாஸ் இல்லை. சாவடியைத் தாண்டாமல் போகக்கூடிய ஒரு கரை இருக்கிறது. அங்கே ஒரு படகுக்காரர் கிடைத்தார். உன் அண்ணனைக் கொண்டுபோன கடல். பிள்ளையை அதன் பக்கம் விடமாட்டேன் என்று சத்தியம் செய்தவள் நான். நானே ஏற்றிவிட்டேன், டிசம்பர் 28.

என் வகுப்பிலிருந்து நாலு பேர். எமில்டா, றோஸ்மேரி, ஒரே வகுப்பில் படிக்கிற அவளுடைய தங்கை, பிறகு கூலி வேலை செய்கிற பாலம்மாவின் மகன் அழகையா. அழகையாவை அனுப்ப பாலம்மாவுக்கு விருப்பமே இல்லை. ஒரே மகன். நான்தான் மூன்று நாள் போய்ப் பேசினேன். "பொம்பளைப் புள்ளைங்க தனியாப் போகுதுங்க, ஒரு ஆம்பளத் துணை வேணும் பாலம்மா" என்றேன். அவனுக்காகப் பேசவில்லை. என் மகளுக்காகப் பேசினேன். ரீச்சர் சொன்னதால் அனுப்பினாள்.

பொங்கலுக்குப் பிறகு அவர்கள் வந்தபோது, மகள் பேசாலையில் மாட்டிக்கொண்டாள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு இங்காலை இராணுவத்து ஆட்கள் வந்து வீடுவீடாகப் பிள்ளைகளை எண்ணினார்கள். வீட்டில் இல்லாத பிள்ளை அங்காலை போய்விட்டது என்பதுதான் அவர்களுடைய கணக்கு. நாலு வீட்டுக்காரரும் "பள்ளிக்கூடத்தில்" என்றார்கள். இடாப்பைக் கேட்டார்கள். காட்டினேன். நாலு பெயருக்கும் தவணை தொடங்கிய நாளிலிருந்தே வரவு போட்டு வைத்திருந்தேன். போய்விட்டார்கள். இடாப்பில் ஒன்று, உன் கோப்பில் ஒன்று என்று இருக்கமுடியாதே. அதனால் அதிலும் போட்டேன். நீ அதைச் சுவரில் ஒட்டுவாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

போய்ச் சேர்ந்தார்களா என்று இன்றுவரை ஒரு சேதியும் இல்லை. மூன்று மாதம். ஐந்து நாள் வாடை என்று நீ எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. காலையில் வகுப்பில் எமில்டாவின் பெயரைக் கூப்பிடும்போது மற்றப் பிள்ளைகள் ஒன்றும் பேசமாட்டார்கள். நான் வரவு போடுவேன். சில நாள் உண்மையாகவே வந்துவிட்டாள் என்று நினைத்துத் தலை நிமிர்ந்து பார்த்திருக்கிறேன்.

உன்னால் ஏதாவது அறியமுடியுமா?

உன் மச்சாள்


பேசாலை
29.04.2007

என் மச்சாளுக்கு,

அப்பா சுகம். மருந்துக்கு யோசிக்கவேண்டாம். காலையில் மீன்வாடியில் கருவாடு தரம் பிரிக்கிறேன், பின்னேரம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன்.

சிஸ்டர் அன்ரோனெற்றின் சபையைச் சேர்ந்த ஒரு சிஸ்டர் அக்கரையில், மண்டபம் அகதி முகாமில் சேவை செய்கிறார். அவருடைய மின்னஞ்சல் முகவரி கிடைத்தது. உப்புக்குளத்தில் வஸீரின் தம்பி வைத்திருக்கும் கொமியூனிக்கேசன் கடையில் இருந்து நாலு பெயரையும் எழுதி அனுப்பினேன். பதினாறு நாள். ஒவ்வொரு நாளும் கருவாட்டு மணத்தோடு போய் நிற்பேன். வஸீரின் தம்பி தூரத்திலேயே தலையை ஆட்டுவார். பதினேழாம் நாள் அவர் கடையிலிருந்து வெளியே ஓடி வந்தார். "வாங்கோ, வாங்கோ, வந்திருக்கு!"

மச்சாள், எமில்டா இருக்கிறாள்.

காய்ச்சலில் ஒரு மாதம் கிடந்திருக்கிறாள். இப்போது முகாம் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறாளாம். றோஸ்மேரியும் தங்கையும் அவளோடுதான். உங்களுக்கு மூன்று கடிதம் போட்டிருக்கிறாள். ஒன்றும் வந்து சேரவில்லை. அவளே இரண்டு வரி அடித்திருக்கிறாள்: 'அம்மாட்டச் சொல்லுங்கோ மாமி, நான் நல்லாச் சாப்பிடுறன். அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கோ.'

இனிச் சொல்லவேண்டியதை எப்படி எழுதுவது என்று ஒரு வாரம் வைத்திருந்தேன்.

அழகையாவின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. படகு அவர்களைக் கடல் நடுவில் ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. அடுத்த நாள் அந்தப் பக்கத்து மீன்படகு ஒன்று வந்திருக்கிறது. எல்லோருக்கும் இடமில்லை. பெண்களையும் குழந்தைகளையும் முதலில் ஏற்றிக்கொண்டு போனது. அழகையாவும் வேறு ஐந்து பேரும் இரண்டாம் தடவைக்கு நின்றார்கள். காற்று எழும்பிவிட்டது. ஐந்து நாள் கழித்துத்தான் படகு போகமுடிந்தது. திட்டில் ஒருவரும் இல்லை. வேறு படகு ஏற்றியிருக்கலாம், ரோந்துப் படகு பிடித்து எங்காவது வைத்திருக்கலாம் என்கிறார் சிஸ்டர். வேறு முகாம்களிலும் சிறைகளிலும் கேட்டுப் பார்க்கலாம், அதற்கு இன்னும் விவரம் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்.

பாலம்மாவிடம் நீங்கள்தான் சொல்லவேண்டும். நான் வந்து சொல்வதென்றால் வரத்தயார். பாஸ் தரமாட்டார்கள்.

பிரான்சிஸ்கா


உயிலங்குளம்
06.05.2007

என் பிரான்சிஸ்காவுக்கு,

உன் கடிதத்தில் ஒரு பக்கம் வரைக்கும் படித்துவிட்டு முழங்காலில் விழுந்தேன். எழுந்து மறுபக்கம் படித்தேன். சாப்பிட்டேன் என்று என் பிள்ளைக்கு எழுது.

அன்றைக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டதும் போனேன். பாலம்மா குளக்கட்டில் விறகு கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னா டீச்சர், இந்த வெயில்ல?"

"பேசாலையிலேருந்து காயிதம் வந்துருக்கு, பாலம்மா."

"எமில்டா போயி சேந்துருச்சா?"

"சேந்துருச்சு."

விறகைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்தாள். "ஆத்தா காப்பாத்திட்டா டீச்சர்" என்று சிரித்தாள். சிரித்தபடியே என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த பெயருக்காக.

நான் சொன்னேன். மணல்திட்டு, படகு, காற்று எல்லாம். நடுவில் நிறுத்தினால் பிறகு சொல்லமாட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். என் பிள்ளைக்குத் துணை வேண்டும் என்றுதான் உன் மகனைக் கேட்டேன் பாலம்மா என்பதையும் சொன்னேன். அவள் கையை எடுத்துவிட்டாள். விறகின்மேல் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு கேட்டாள்.

"காயிதத்துல இல்லன்னு எழுதியிருக்கா, தெரியலன்னு எழுதியிருக்கா?"

"தெரியலன்னுதான்."

"தெரியலன்னா தேடலாம்ல?"

"தேடலாம். வெவரம் கேக்குறாங்க."

"அப்ப எழுதுங்க டீச்சர்."

அங்கேயே, ஒரு பிள்ளையின் பயிற்சிக் கொப்பியைப் பிரித்து எழுதினேன். அவள் சொன்னது எல்லாவற்றையும் உனக்கு எழுதுகிறேன். பெரியசாமி அழகையா. வயது பதினாறு, வைகாசியில் பதினேழு. என்னைவிட ஒரு சாண் உயரம். இடது புருவத்தில் மண்வெட்டி பட்ட தழும்பு. போகும்போது தகப்பனின் பழைய கட்டம்போட்ட சட்டை, ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம். வலது காதில் கொஞ்சம் கேட்காது. அவ்வளவுதானா என்றேன். ஓம் என்று தலையாட்டினாள். நான் எழுந்து கொஞ்ச தூரம் வந்துவிட்டேன். பின்னால் ஓடி வந்தாள்.

"டீச்சர், இன்னொண்ணு. அவன் பேரு கேட்டா ஒடனே சொல்லமாட்டான். புது ஆளுன்னா தலையக் குனிஞ்சுக்குவான். இவன் இல்லபோலன்னு நெனச்சு அடுத்த ஆளுக்குப் போயிறப் போறாங்க. கொஞ்சம் நின்னு, இன்னொருக்கா கேக்கச் சொல்லுங்க."

இதையும் அப்படியே எழுது, பிரான்சிஸ்கா. விட்டுவிடாதே.

உன் மச்சாள்
வசந்தமலர்